கும்மி வட்டத்தின் நடுவே ஒரு மைக்: சரவுண்ட் ஒலிப்பதிவைப் பிரித்தால் கைக்கு என்ன வரும்?

பெருந்துறைப் பக்கம் ஒரு கிராமத்தில் கடந்த தை மாதம் வள்ளி கும்மி அரங்கேற்றம் நடந்தது. கோவில் திடலில் இருநூறு பெண்களுக்கு மேல் வட்டம் கட்டி ஆட, நடுவில் நின்று கும்மி வாத்தியார் வள்ளி திருமணக் கதையைப் பாடினார். அவருக்குப் பக்கத்தில், நான்கு மைக் முகங்களை ஓர் எலுமிச்சம்பழ அளவுக்குள் அடக்கிய ரெக்கார்டர் ஒன்றை ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தார் வீடியோ எடுத்தவர். பத்து நாள் கழித்து வாத்தியார் ஈரோட்டில் இருக்கும் என் ஒலித்தொகுப்பு அறைக்கு வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"தம்பி, இதில் ஆறு சேனல் இருக்கிறதுங்களாம். என் பாட்டு ஒன்று, ஜமாப் ஒன்று, கைத்தட்டு ஒன்று, சலங்கை ஒன்று, பிள்ளைகள் பாடுவது ஒன்று. ஐந்துதான் கேட்கிறேன். ஆறாவதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்."

ஜமாப் என்பது கும்மிக்கு அடிக்கும் மேளம். அவர் கேட்டது தப்பில்லை. ஆறு சேனல் என்றால் ஆறு தனித்தனிச் சத்தங்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் சேனல் என்பது வாத்தியம் இல்லை, திசை. இந்த ஒரு குழப்பத்தினால்தான் பிரிக்கக்கூடியதைப் பிரிக்கத் தெரியாமலும், பிரிக்க முடியாததற்குக் காசு கொடுத்தும் பலர் அலைகிறார்கள்.

ஈரோட்டில் இதை மஞ்சளை வைத்துச் சொன்னால் உடனே விளங்கும். விரலி தனி மூட்டை, கிழங்கு தனி மூட்டை என்று ஒரே லாரியில் வந்தால் இறக்கி அடுக்கினால் வேலை முடிந்தது. இரண்டையும் ஒரே குவியலாகக் கொட்டியிருந்தால் உட்கார்ந்து பொறுக்க வேண்டும். கொஞ்சம் மாறித்தான் போகும். மில்லில் அரைத்துத் தூளாக்கிவிட்டு வந்து விரலியை மட்டும் தனியாகக் கொடு என்றால் எங்கே போவது? ஒலிப்பதிவிலும் இந்த மூன்று நிலைகளும் உண்டு. மூன்றுக்கும் நாம் 'பிரித்தல்' என்ற ஒரே சொல்லைச் சொல்கிறோம்.

முதலில் மூட்டையைப் பார்ப்போம். கேட்பவரைச் சுற்றி ஸ்பீக்கர் வைக்கும் சரவுண்ட் முறையில் 5.1 என்று அட்டையில் போட்டிருப்பதன் கணக்கு இது: முன்னால் இடது, வலது, நடு, பின்பக்கம் இடது, வலது, இவை ஐந்து. புள்ளிக்குப் பின்னால் இருக்கும் ஒன்று, அடித்தொண்டை அதிர்வுக்கான தனிச் சேனல். அது ஏறத்தாழ 120 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் சுமப்பதில்லை. காதுக்குக் கேட்கும் முழு அலைவரிசையில் பத்தில் ஒரு பங்கு கூடத் தேறாது என்பதால்தான் அதற்கு 'ஒன்று' என்ற மரியாதை கொடுக்காமல் 'புள்ளி ஒன்று' என்றார்கள். கேட்கும் ஆளை நடுவில் உட்கார வைத்தால் முன் ஸ்பீக்கர்கள் இரண்டும் இருபுறமும் 30 பாகையிலும், பின் ஸ்பீக்கர்கள் 100 முதல் 120 பாகைக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. நம் வீடுகளில் பின் ஸ்பீக்கர் இரண்டும் டிவி ஸ்டாண்டின் அடித்தட்டில், ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் என்பது வேறு கதை.

அமுக்கப்படாத வேவ் கோப்பாக இருந்தால் பிரிக்கும் வேலை ஒன்றுமே இல்லை. ஒரு நொடியை 48,000 துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் ஆறு எண்களை வரிசையாக எழுதிவைத்திருக்கும்: இடது, வலது, நடு, அதிர்வு, பின் இடது, பின் வலது, மறுபடி இடது, வலது... சீட்டுக்கட்டை ஆறு பேருக்குப் போடுவதுபோல ஒவ்வோர் எண்ணையும் எடுத்து அதனதன் கோப்பில் போட்டால் தீர்ந்தது. ஓர் எண்கூட மாறாது. திரும்பச் சேர்த்தால் பழைய கோப்பு அப்படியே கிடைக்கும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தாலே ஆறு தடங்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக விரிந்துவிடும். தடம் ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதியும் அதிலேயே இருக்கிறது. எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டளைவரிக் கருவி பழகியவர்களுக்கு ஒரே வரியில் முடியும்.

வேலை சுலபமானது என்பதால்தான் இதில் தப்பு நடக்கிறது. என் கதையையே சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் கோவை நண்பர் ஒருவரின் குறும்படத்தின் 5.1 ஒலியை ஆறாகப் பிரித்து, பெயர் எழுதி அனுப்பினேன். திரையிட்டபோது கதாநாயகன் வலது மூலையில் நின்று பேசினான். இடி முழக்கம் பின்வரிசையின் சின்ன ஸ்பீக்கரில் கரகரத்தது. நண்பர் அன்று இரவு என்னைக் கூப்பிட்ட விதத்தை எழுத்துத் தமிழில் எழுத முடியாது. நடந்தது இதுதான்: வேவ் கோப்பில் வழக்கமான வரிசை இடது, வலது, நடு, அதிர்வு, பின் இடது, பின் வலது. சினிமா மிக்ஸிங் அறைகளில் பலர் வைத்துக்கொள்ளும் வரிசை இடது, நடு, வலது, பின் இடது, பின் வலது, அதிர்வு. வசனம் முழுவதும் இருக்கும் நடுச் சேனல் அங்கே இரண்டாவது. நான் இரண்டாவதற்கு 'வலது' என்று பெயர் வைத்தேன். ஆறாவதாக வந்த அதிர்வுக்குப் 'பின் வலது' என்று வைத்தேன். மூட்டைகள் பத்திரமாகத்தான் இருந்தன. சீட்டைத்தான் மாற்றி ஒட்டிவிட்டேன்.

டிவிடியில் வரும் டால்பி டிஜிட்டல், டிடிஎஸ், இணையத்தில் புழங்கும் ஏஏசி எல்லாம் உள்ளுக்குள் ஆளுக்கொரு வரிசை வைத்திருக்கின்றன. ஏஏசியில் நடுச் சேனல்தான் முதலில் வரும். ஒழுங்கான மென்பொருள் இதை அறிந்து மாற்றிக்கொள்ளும். ஆனால் வழியில் யாராவது ஒருவர் கோப்பின் தலைப்பகுதியில் இருக்கும் சேனல் விவரத்தை உதறிவிட்டிருந்தால் போச்சு. அதனால் எந்தக் கோப்பு வந்தாலும் பெயர் வைப்பதற்கு முன் ஒவ்வொரு சேனலையும் ஒரு நிமிடம் ஹெட்போனில் கேட்டுவிடுகிறேன். அதிர்வுச் சேனலைக் கண்டுபிடிக்கக் காதுகூட வேண்டாம்: அலைவடிவத்தைப் பெரிதாக்கினால் மற்றவை முள்முள்ளாகத் தெரிய, அது மட்டும் கூழாங்கல்லைப் போல வழவழவென்று இருக்கும். வசனம் எங்கே கேட்கிறதோ அது நடு. மீதி நான்கில் முன் எது, பின் எது என்பது பெரும்பாலும் சத்தத்தின் கனத்திலேயே புரிந்துவிடும். இடமா வலமா என்பதை மட்டும் படத்தோடு ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அதிர்வுச் சேனலில் இன்னொரு கண்ணி. திரையரங்கிலும் நல்ல ஆம்ப்ளிஃபையரிலும் அதை 10 டெசிபல் கூட்டித்தான் ஒலிப்பார்கள். அந்தக் கணக்கை வைத்துத்தான் பதிவில் அடக்கி எழுதியிருப்பார்கள். தனியாகப் பிரித்து சாதாரண ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டவர், இதில் ஒன்றுமே இல்லையே என்று அழித்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

நம் ஊர் நிகழ்ச்சிகளுக்கென்றே இருக்கும் ஒரு சிக்கலும் உண்டு: நீளம். 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட், ஆறு சேனல் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மூன்று ஜிகாபைட்டுக்குச் சற்று மேல். சாதாரண வேவ் கோப்பு தன் அளவை 32 பிட் எண்ணாகத்தான் குறித்துக்கொள்ளும் என்பதால் நான்கு ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. அதாவது சுமார் 83 நிமிடத்தில் கோப்பு நிரம்பிவிடும். கும்மி அரங்கேற்றம் மூன்று மணி நேரம் நடக்கும். வாத்தியார் கொண்டுவந்த பென்டிரைவில் மூன்று துண்டுகள் இருந்ததற்குக் காரணம் அதுதான். அவர் வீடியோக்காரரை வீணாகச் சந்தேகப்பட்டிருந்தார். ஆறாகப் பிரித்துவிட்டால் ஒவ்வொன்றும் எட்டு மணி நேரம் வரை தாங்கும்.

டிவிடியில் இருப்பதைப் பிரிப்பது இவ்வளவு நேர்மையான காரியம் அல்ல. 16 பிட் கணக்கில் ஆறு சேனலுக்கு நொடிக்கு 4,608 கிலோபிட் வேண்டும். டிவிடியில் டால்பி டிஜிட்டலுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 448. பத்தில் ஒன்பது பங்கை எங்கேயோ விட்டுவிட்டுத்தான் வருகிறது. பெரிய சத்தத்துக்கு அடியில் சின்னச் சத்தம் காதுக்குக் கேட்காது என்ற நம்பிக்கையில் சின்னதைத் தூக்கிவிடுவார்கள். இடம் போதாதபோது உச்ச அலைவரிசைகளில் சேனல்களை ஒன்றாகக் கூட்டி, 'இதில் இவ்வளவு இடதுக்கு, இவ்வளவு வலதுக்கு' என்று குறிப்பு மட்டும் எழுதிவைப்பதும் உண்டு. எல்லா ஸ்பீக்கரும் சேர்ந்து ஒலிக்கும்போது இது தெரியாது. ஒரு சேனலை மட்டும் பிரித்துக் கேட்டால் மறைக்க ஆளில்லாமல் ஓட்டைகள் வெளிச்சத்துக்கு வரும்: பின் சேனலில் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு சலசலப்பு கேட்கும். பிரித்தவர் கெடுத்துவிட்டார் என்று நினைப்பார்கள். அது முன்பே அப்படித்தான் இருந்தது, சேர்ந்திருந்தபோது தெரியவில்லை.

டால்பி டிஜிட்டல் கோப்போடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வரும். இரவில் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வராமல் இருக்க, பெரிய சத்தத்தைத் தணித்துச் சிறிய சத்தத்தை உயர்த்தும்படி ஒரு குறிப்பு உள்ளேயே எழுதப்பட்டிருக்கும். எஃப்எஃப்எம்பெக் கேட்காமலேயே அந்தக் குறிப்பை நிறைவேற்றிவிடும். ஆவணத்துக்காகப் பிரிக்கிறவர்கள் அதைப் பூஜ்யத்தில் வைத்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் மேளத்தின் அடி சப்பையாகிவிடும். அதே கருவியின் சேனல் பிரிக்கும் வடிகட்டி, நாம் சொல்லாவிட்டால் வருவது ஸ்டீரியோ என்றே எடுத்துக்கொள்ளும். 5.1 என்று சொன்னாலும், ஸ்பீக்கர் 'பின்புறமா' 'பக்கவாட்டிலா' என்று இரண்டு வகை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டும். டால்பி டிஜிட்டலை அது பக்கவாட்டு வகை என்றே கொள்கிறது. அரைநாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு தெரிந்துகொண்டது இது. விலைக்கு வாங்கிய படத் தட்டுகளில் பூட்டு இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உரிமையை மீறும் நோக்கத்தோடு அந்தப் பூட்டை உடைப்பது, பதிப்புரிமைச் சட்டத்தின் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தண்டனைக்குரிய குற்றம்.

பிரித்ததை எம்பி3 ஆக வைக்காதீர்கள். ஏற்கெனவே ஒரு முறை இழந்ததை மறுபடி இழக்க வைக்கும். ஆரம்பத்தில் ஒரு துளி வெற்றிடத்தையும் சேர்த்துப் படத்தோடு ஒட்டாமல் செய்யும். வேவ் அல்லது எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் போதும். ஆறில் ஒன்றின் தலையில் மட்டும் வெறுமை இருக்கிறதே என்று நறுக்கவும் கூடாது. ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. நொடியில் நூறில் ஒரு பங்கை வெட்டினால் அந்த ஸ்பீக்கரை மூன்றரை மீட்டர் நகர்த்தி வைத்ததற்குச் சமம்.

இனி குவியல். நான்கு சேனலை இரண்டுக்குள் மடித்து வைக்கும் வித்தை 1970-களில் வந்தது. டால்பி ஸ்டீரியோ என்று திரையரங்குகளுக்குப் போன முறையில், நடுச் சத்தத்தை இடதிலும் வலதிலும் 3 டெசிபல் குறைத்துச் சமமாகக் கலந்தார்கள். பின்பக்கச் சத்தத்தின் அலையை ஒரு பக்கம் அதன் சுற்றில் 90 பாகை முன்தள்ளியும் மறுபக்கம் 90 பாகை பின்தள்ளியும் கலந்தார்கள். விரிக்கும்போது இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பது நடு, ஒன்றுக்கொன்று நேரெதிராக இருப்பது பின் என்று கண்டுகொள்ளலாம். ஆனால் இரண்டு எண்களை வைத்துக்கொண்டு நான்கு விடைகளைச் சரியாகக் கண்டுபிடிக்கக் கணக்கில் வழியில்லை. இப்படி மடித்ததை விரிக்க 1987-இல் வந்த டால்பியின் புரோ லாஜிக்கும் அதற்குப் பிந்தியவையும் அந்த நொடியில் எந்தத் திசை ஓங்கியிருக்கிறது என்று பார்த்து அந்தப் பக்கம் சாய்ந்துகொடுக்கின்றன, அவ்வளவுதான். பாட்டில் குரலை நீக்கி வாத்தியத்தை மட்டும் வைக்கிற பழைய கரோக்கி வித்தையும் இதன் தம்பிதான்: இடதிலிருந்து வலதைக் கழித்தால் நடுவில் இருப்பது மறையும். குரலோடு பாதி மிருதங்கமும் போய்விடும். எதிர்வேலை, அதாவது குரலை மட்டும் எடுப்பது, இந்தக் கழித்தலால் நடக்காது.

2012-இல் வந்த டால்பி அட்மாஸ் கதை தனி. அங்கே சேனல்களோடு 'பொருள்' என்ற கணக்கும் உண்டு. இந்தச் சத்தம் இந்த நொடியில் அறையின் இந்த இடத்தில் என்று குறிப்போடு வரும். திரையரங்கில் மொத்தம் 128 தடங்கள் வரை போகலாம். வீட்டுக்கு வரும் கோப்பைச் சாதாரணக் கருவியால் பிரித்தால் அந்தப் பொருள்கள் எல்லாம் 5.1-க்குள்ளோ 7.1-க்குள்ளோ கரைந்த பிறகுதான் கிடைக்கும்.

தூள் என்றால் மோனோ, அதாவது ஒரே சேனல். சேலத்தில் 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் காலத்துப் படங்களில் பாட்டு, வசனம், வாத்தியம் எல்லாம் ஃபிலிம் ஓரத்தில் ஓடும் ஒரே ஒலித்தடத்தில். அந்தப் பாடல்களை '5.1' என்று போட்டு விற்கும்போது அதில் பிரிக்க ஐந்து திசை எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொள்ளலாம். எதிரொலியைச் சேர்த்துப் பின்னால் போட்டிருப்பார்கள்.

வாத்தியாரின் பதிவு முதல் வகை. மூட்டைகள் ஒழுங்காக இருந்தன; பத்து நிமிடத்தில் ஆறு கோப்புகளாக இறக்கினேன். ஹெட்போனை அவர் காதில் மாட்டி 'பின் இடது' என்பதை ஓட்டினேன். முதலில் ஒரு வளையல் கூட்டம் நெருங்கி வந்தது. கைத்தட்டு பளிச்சென்று கேட்டது. ஒரு பெண் குரல் அடியெடுத்துப் பாடிக்கொண்டே கடந்து, மெல்ல மங்கியது. அடுத்து இன்னொரு குரல், சற்றுக் கட்டை. அதுவும் மங்கியது. வட்டம் சுற்றச் சுற்ற ஒவ்வொருவராக அந்த மைக் முகத்தைக் கடந்து போகிறார்கள். முதலில் போன குரலை 'பின் வலது' கோப்பில் சில நொடி கழித்துத் தேடிப் பிடித்துக் காட்டினேன். வாத்தியாருடைய பாட்டும் ஜமாப்பும் அதிர்வைத் தவிர மீதி ஐந்திலும் இருந்தன.

இருக்காமல் எப்படி? ஒரு திசையை நோக்கி வைக்கும் அந்த வகை மைக் முகம் தனக்கு நேர் எதிரே இருப்பதை நன்றாகக் கேட்கும். பக்கவாட்டில் வருவதை 6 டெசிபல் மட்டும்தான் குறைக்கும். காதைத் திருப்பிக்கொள்ளலாம், மூட முடியாது. போதாததற்கு, அந்த ரெக்கார்டரில் மைக் முகங்கள் நான்குதான். நான்முகி வடிவில் நான்கு முகங்களை வைத்து முழுச் சூழலையும் பிடிக்கும் அந்த முறை 1970-களில் இங்கிலாந்தில் மைக்கேல் கெர்சன் முதலானவர்கள் உருவாக்கியது. நான்கிலிருந்து ஆறை வீடியோக்காரரின் கணினி கணக்குப் போட்டு உண்டாக்கியிருந்தது. நடுச் சேனல், இடதும் வலதும் போட்ட பிள்ளை. அதிர்வுச் சேனல், எல்லாவற்றின் அடிச்சத்தத்தையும் வடித்து எடுத்தது. ஆறாகப் பிரித்தாலும் உள்ளே இருந்த செய்தி நான்குக்கு மேல் ஒன்றும் கூடாது.

இப்போது செயற்கை நுண்ணறிவு பிரித்துத் தருமே என்று வாத்தியாரின் மகன் கேட்டார். தரும். டீசர் நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ஸ்ப்ளீட்டர், மெட்டாவின் டெமக்ஸ் இரண்டும் இலவச மென்பொருள்கள். அவை திசையைப் பார்ப்பதில்லை. சத்தத்தின் சாயலைப் பார்த்து, இது குரல், இது டிரம்ஸ், இது பேஸ், இது மற்றவை என்று நான்கு கூடையில் போடுகின்றன. குவியலில் உட்கார்ந்து பொறுக்குகிற வேலைதான், கை மட்டும் வேகம். ஆனால் பொறுக்குகிறவருக்கு மஞ்சள் தெரிந்திருக்க வேண்டும். இத்துறையில் பலரும் அளவுகோலாக வைத்திருக்கும் எம்யூஎஸ்டிபி18 என்ற தொகுப்பில் இருப்பது 150 பாடல்கள்; பெரும்பாலும் மேற்கத்திய பாப், ராக் வகை. ஜமாப்பும் பம்பையும் உருமியும் அந்த வீட்டுக்குப் போனதே இல்லை. கும்மியை ஓட்டிப் பார்த்தேன். கைத்தட்டு டிரம்ஸ் கூடையில் விழுந்தது, சரி. சலங்கை பாதி டிரம்ஸிலும் பாதி மற்றவையிலும் சிதறியது. வாத்தியார் குரலையும் இருநூறு பெண்களின் குரலையும் ஒரே கூடையில் போட்டது. அதற்கு இரண்டும் 'குரல்'. திசையை வைத்து முதலில் பிரித்து, வாத்தியாருக்கு நேராக இருந்த சேனலை மட்டும் அதனிடம் கொடுத்தபோது கொஞ்சம் தேறியது. ஒரே கோப்பாக மடித்துக் கொடுப்பதைவிட இது எப்போதும் மேல்.

அவர் கேட்ட ஐந்தும் ஐந்தாகவே கிடைக்க ஒரே வழி, அன்றைக்கே ஐந்தாகப் பிடித்திருப்பது. வாத்தியார் சட்டையில் ஒரு காலர் மைக், ஜமாப்புக்குக் கையளவு தூரத்தில் ஒன்று, பாடும் பிள்ளைகள் பக்கம் குரலுக்கு ஒன்று, கைத்தட்டுக்கு ஒன்று, சலங்கைக்குத் தரையோடு ஒன்று. எல்லாம் தனித்தனித் தடமாகப் பதியும் ஒரு மிக்ஸர். நடுவில் இருந்த அந்த எலுமிச்சம்பழ மைக்கை அப்படியே விடலாம். வட்டம் சுற்றுவதை அதைவிட நன்றாக வேறு எதுவும் பிடிக்காது. வள்ளி ஒயில் கும்மிக்காகக் கோவை பத்ரப்பன் 2024-இல் பத்மஸ்ரீ பெற்ற பிறகு பதிவுகள் பெருகியிருக்கின்றன. நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் ரேடியோ செட்காரரின் ஸ்பீக்கர் எதிரே செல்போனை நீட்டி எடுத்தவை.

இந்த மைக் கணக்கைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். வாத்தியார் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். 'பின் இடது' கோப்பை மட்டும் இன்னொரு முறை முழுதாகக் கேட்டார். ஆறு கோப்பையும் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தபோது, சித்திரையில் அடுத்த அரங்கேற்றம் இருக்கிறது, மைக் வாடகை எவ்வளவு என்று ரேடியோ செட்காரரிடம் விசாரித்துச் சொல்கிறேனுங்க என்றார். இன்னும் சொல்லவில்லை.